தறிக்குழி மேல் ஒரு திவான்

ஒரு குடும்பத்தில் முதல்முதலாக ஒருத்தன் டிகிரி வாங்கிவிட்டால், அதற்குப் பிறகு அந்த வீட்டில் எந்தப் பொருளும் ரிப்பேருக்கு வெளியே போகாது. வீட்டுக்குள்ளேயே முழுசாகக் கெட்டுப்போகும். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தன் நான்.

நான் படித்தது கம்ப்யூட்டர். ஆனால் எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை படிப்பில் வகையெல்லாம் கிடையாது. படித்தவனுக்கு மிக்ஸி தெரியும், டிவி தெரியும், பக்கத்து வீட்டுக்காரரின் முழங்கால் எக்ஸ்ரே தெரியும். (எக்ஸ்ரேயை ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து "ம்ம்" என்றேன். அவர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார். அந்த 'ம்ம்'முக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.) இதில் பெரிய ஆபத்து என்னவென்றால், நாளடைவில் நானும் அதையெல்லாம் நம்ப ஆரம்பித்துவிட்டேன். அப்படி நம்பிய ஒரு மாதத்தில்தான் திவான் செய்தேன்.

காஞ்சிபுரத்தில் நாங்கள் குடியிருப்பது ஒரு நெசவுக்காரரின் வீடு. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். திருப்புட்குழிப் பக்கத்திலிருந்து என்னையும் தங்கச்சி தீபாவையும் படிக்கவைக்க டவுனுக்கு வந்தார். வீட்டுக்காரர் தறியைக் கழற்றி எடுத்துக்கொண்டு மகனோடு போய்விட்டார். தறியைக் கழற்றலாம், குழியைக் கழற்ற முடியாதே. நெய்கிறவர் உட்கார்ந்து கால்களை உள்ளே விட்டு மிதிப்பதற்காகத் தரையில் வெட்டிய தறிக்குழி, முன்னறைச் சுவரோரமாக வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. "குழியை மட்டும் மண்ணு போட்டு மூடிடாதீங்க, தறி இருந்த எடம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் சாவியைக் கொடுத்தார். அம்மா வெள்ளிக்கிழமைகளில் அதன் விளிம்பில் மஞ்சள் குங்குமம் வைப்பாள். மற்ற நாட்களில் உள்ளே வெங்காயம் வைப்பாள்.

என் திட்டம் எளிமையானது. குழியை மூடவும் கூடாது, விருந்தாளிகள் அதில் விழவும் கூடாது. (எங்கள் சித்தப்பா ஒருமுறை காபி டம்ளரோடு உள்ளே இறங்கியிருக்கிறார்.) ஆகவே குழியைச் சுற்றி ஒரு மரப்பெட்டி, மேலே ஒரு மூடி, அதற்கு மேல் மெத்தை. உட்கார்ந்தால் திவான், திறந்தால் வெங்காயக் கிடங்கு. மூன்று வீடியோ பார்த்தேன், தச்சுவேலை வந்துவிட்டது.

"கார்பென்டரைக் கூப்டலாம்பா" என்றார் அப்பா.

"இதுக்கெல்லாம் எதுக்குப்பா கார்பென்டரு? இது வெறும் ஜாமெட்ரி."

அப்பாவுக்கு அந்த வார்த்தை புரியவில்லை. அதனாலேயே ஒத்துக்கொண்டார்.

செவிலிமேட்டில் ஒரு கடையில் பிளைவுட் வெட்டி வாங்கி, டவுன் பஸ்ஸிலேயே ஏற்றிவந்தேன். (அப்பாவின் லோடு ஆட்டோ இருக்கும்போது ஏன் பஸ் என்று கேட்கிறீர்கள். அப்பாவும் அதைத்தான் கேட்டார்.) வேலை நடந்த நாட்களில் எனக்கு மேற்பார்வை செய்தது எங்கள் வீட்டுப் பூனை ஜரிகை. சாம்பல் உடம்பு, முதுகில் மட்டும் மஞ்சளாக ஒரு கோடு, அதனால் தீபா வைத்த பெயர். நான் அறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து, அறுத்தது கோணலாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பெரும்பாலும் திரும்பியேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில் ஜரிகைக்கு வயிறு பெருத்துக்கொண்டே போனது. நெட்டில் ஒரு கட்டுரை படித்துவிட்டு, "இது ஒபிசிட்டிம்மா, பாலைக் குறை" என்று அம்மாவுக்கு உத்தரவு போட்டேன். அம்மா என் எதிரில் குறைத்தாள். நான் அந்தப் பக்கம் போனதும் ஊற்றினாள்.

கடைசியில் பிளைவுட் பற்றவில்லை. பின்பக்கம்தான் சுவர் இருக்கிறதே, அதற்கு எதற்குப் பலகை என்று விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுச் சுவர் நேராக இருக்காது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து விழுந்தது. வந்து பட்டி பார்த்து அடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

'வந்து' என்றது கோயம்புத்தூரிலிருந்து. சென்னையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்து, இன்னும் வேலை நிரந்தரமாகாமல் இருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு நூல் கிடங்குக்கு எங்கள் ஸ்டாக் சாஃப்ட்வேரைக் காட்டி வாங்கவைக்க வேண்டும், இரண்டு நாள் பயணம். "இதை முடிச்சிட்டு வாங்க சரவணன், வந்ததும் பெர்மனென்ட் பண்ணிடலாம்" என்றார் மேனேஜர். எங்கள் வம்சத்திலேயே அடுத்தவர் டிக்கெட் எடுத்துக்கொடுத்து ஏசி பஸ்ஸில் போகப்போகும் முதல் ஆள் நான். அப்பா ஆட்டோ ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டார். வேலை நிரந்தரமாகாமல் திரும்பினால் நான் ஸ்டாண்டுப் பக்கம் தலைகாட்ட முடியாது.

கிளம்பும் அன்று மதியம்தான் மூடிக்கு மைக்கா ஒட்டினேன். ஒட்டினால் ஒரு நாளாவது அழுத்தத்தில் இருக்க வேண்டும் என்று வீடியோ சொன்னது. அழுத்திப் பிடிக்கும் கருவி என்னிடம் இல்லை. எனவே மூடியைப் பெட்டியோடு சேர்த்து ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிட்டு, மேலே கிரைண்டரைத் தூக்கி வைத்தேன். அதுவும் சாதாரண ஸ்க்ரூ இல்லை. நட்சத்திர வடிவத் தலை, நடுவில் ஒரு முள், தனி முனை போட்டால்தான் திரும்பும். திருடர்களால் கழற்ற முடியாது என்று ஆன்லைனில் போட்டிருந்தார்கள்.

"திவான் மூடியை எவன்டா திருடுவான்?" என்றார் அப்பா.

"வெங்காயம் உள்ள இருக்குதேடா" என்றாள் அம்மா.

"ரெண்டு நாளைக்கு வெங்காயம் இல்லாம சமைம்மா. நான் வர்ற வரைக்கும் யாரும் தொறக்கக் கூடாது." திறந்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் அந்த முனையைச் சட்டைப்பையில் போட்டு எடுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூர்க் கிடங்கின் முதலாளி ஒரு அம்மாள். என் அம்மா வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் இரண்டு போன், பக்கத்தில் ஒரு கணக்கர். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு டிவி. என் லேப்டாப்பை அதில் மாட்டினேன். "ஏனுங் தம்பி, சுருக்கா காட்டுங்க" என்றார். நான் தொண்டையைக் கனைத்து, இரவெல்லாம் மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தை ஆரம்பித்தேன். "இன்றைய போட்டி நிறைந்த வணிகச் சூழலில்..."

டிவியில் தீபாவின் முகப்படம் வந்து, போன் அடித்தது. லேப்டாப்பில் வாட்ஸ்அப்பை மூடாமல் விட்டிருந்தேன். கட் செய்தேன். மறுபடி போட்டி நிறைந்த சூழல், மறுபடி தீபா. மூன்றாம் முறை அவசரத்தில் சிவப்புக்குப் பதிலாகப் பச்சையை அழுத்திவிட்டேன்.

டிவி முழுக்க எங்கள் முன்னறை. நடுவில் அம்மா.

"டேய், பூனை உள்ள மாட்டிக்கினு இருக்குதுடா. நேத்து நீ போனதுலேர்ந்து ஆளையே காணோம். காலைலேர்ந்து உள்ள கத்திக்கினே இருக்குது."

கிரைண்டருக்கு அடியிலிருந்து, மிக மெல்லிய 'மீ' ஒன்று கோயம்புத்தூர் வரை கேட்டது. நேற்று நான் கடைசி ஸ்க்ரூ முடுக்கியபோது ஜரிகை எங்கே இருந்தது? எவ்வளவு யோசித்தும் முகம் ஞாபகம் வரவில்லை.

"அம்மா, நான் மீட்டிங்ல இருக்கேன். அப்புறம்..."

"மீட்டிங்கு கிடக்குது. வாயில்லா ஜீவனைச் சமாதி கட்டிட்டு மீட்டிங்காம். தோ பாரு, இவனுக்கு எதுவுமே தெரியாது தீபா. நேத்து ஜட்டிகூட நான்தான் எடுத்து வச்சேன். டேய், காலைல மாத்திக்கினியா?"

கணக்கர் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா அவர் காதில் இருந்தது. நான் போனை அணைக்கப் பாய்ந்தேன்.

"அட இருங் தம்பி" என்றார் அந்த அம்மாள். "மொதல்ல பூனைய எடுங்க. அப்புறம் பாத்துக்கலாம்." நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அம்மாவுக்கு இந்தப் பக்கக் குரல் கேட்டுவிட்டது. "யாருடா அது?"

"மேடம்மா. கிளையன்ட்டு."

"வணக்கம்மா. பையன் நல்ல பையன்தான். கொஞ்சம் அதிகமா படிச்சிட்டான்."

அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு மண்டியிட்டிருந்தார். வீட்டிலிருந்த எதுவும் அந்த நட்சத்திரத்துக்குள் நுழையவில்லை. தீபா போனை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்பா, அதுக்குத் தனி முனை வேணும்பா. என்கிட்ட இருக்குது." சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

அப்பா போனுக்குள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அத்த வச்சிக் காது குடை" என்றார். எழுந்து போய்க் கடப்பாரையோடு வந்தார்.

கிரைண்டர் இறங்கியது. முதல் அடி என் மைக்காவில் விழுந்தது. அப்படி ஒரு வழவழப்பை நான் அதற்கு முன்பும் உண்டாக்கியதில்லை, பின்பும் இல்லை. இரண்டாவது அடியில் ஓரம் பிளந்தது. கடப்பாரை சிக்க, அப்பா அதை ஆட்டி ஆட்டி இழுத்தார். கிடங்கில் நூல் மூட்டை தூக்குகிறவர்கள்கூட வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "இன்னும் ஒரு போடு போட்டா வந்துரும்" என்றார் ஒருவர்.

அப்போது முதலாளி அம்மாள் டிவிக்குப் பக்கத்தில் போய் விரலால் தொட்டார். "ஏனுங் தம்பி, இங்க குக்கியிருக்கறது யாரு?"

அம்மாவின் கால்களுக்குப் பின்னால், நடையில், ஜரிகை உட்கார்ந்திருந்தது. யாரோ யாருடைய வீட்டையோ இடிக்கிறார்கள் என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது.

பெட்டிக்குள்ளிருந்து மறுபடி 'மீ' வந்தது.

"அது வெளிய இருக்குதுன்னா உள்ள கத்தறது இன்னா?" என்றார் அப்பா. கடப்பாரை தலைக்கு மேல் இருந்தது.

ஒட்டிய வயிற்றைப் பார்த்தேன். ஒபிசிட்டி கட்டுரை ஞாபகம் வந்தது. முதலாளி அம்மாளுக்கு அதே நொடியில் விளங்கியிருக்க வேண்டும். "குட்டிங்க, குட்டிங்க, நிறுத்தச் சொல்லுங்க" என்று அவர் பதற, "அப்பா, நிறுத்துப்பா, கீழ குட்டி" என்று நான் அந்தக் கிடங்கே அதிரக் கத்தினேன்.

கடப்பாரை காற்றில் நின்றது. அப்பா அதை மெதுவாக, தூங்குகிற குழந்தையை இறக்குவதுபோல் இறக்கினார். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

தீபா மட்டும் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எழுந்து, சோம்பல் முறித்து, திவானுக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்து காணாமல் போனது. அவளும் சந்துக்குள் கையை விட்டாள்.

"அண்ணா, பின்னாடி தொறந்துதான் இருக்குது. பலகையே இல்ல."

"ஆமா" என்றேன். "பிளைவுட் பத்தல."

அதற்குப் பிறகு அப்பா பேசியதை இங்கே எழுத முடியாது. முதலாளி அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்ததால் முழுவதும் அவர் காதில் விழவில்லை என்று நம்புகிறேன். பிளந்த ஓரத்தின் வழியே தீபா டார்ச் அடித்தாள். வெங்காயத்துக்கு நடுவில் மூன்று குட்டிகள், எல்லாம் முழுசாக. ஒன்றின் முதுகில் மஞ்சள் கோடு.

இனி போட்டி நிறைந்த வணிகச் சூழலுக்குத் திரும்ப வழியில்லை. முதலாளி அம்மாள் வெளியே கிளம்பவேண்டிய நேரமாகிவிட்டது. போகும்போது, "தம்பி, அந்தக் கோடு போட்ட குட்டி எனக்கு. நூல் மூட்டையில எலி பூந்து தொல்லை. குட்டி பால் மறந்ததும் கொண்டுட்டு வாங்க, அன்னிக்கு நிதானமாப் பாத்துக்கலாம்" என்றார்.

மேனேஜரிடம் இதை எப்படி விளக்குவது? "டெமோ எப்படிப் போச்சு?" என்றார். "பூனைக்குட்டி பால் மறக்கணும் சார்" என்றேன். ஒரு படித்த இளைஞனின் வேலை, ஒரு பூனை எப்போது குட்டியைத் தள்ளிவிடும் என்பதில் வந்து நின்றது. வீட்டில் ஜரிகைக்கு இரண்டு வேளை பாலும் மீனும் கொடுத்து, நான் பக்கத்தில் உட்கார்ந்து, "போதும்மா, விட்டுடு, பெருசாயிடுச்சு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். முறிந்த மூடியின் மேல் அம்மா ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டாள். இப்போதும் விருந்தாளி வந்தால் "அந்த ஓரம் வேணாம், இந்த ஓரம்" என்று சொல்லித்தான் உட்காரவைக்கிறோம்.

ஒருவழியாகக் குட்டியைக் கூடையில் வைத்து மறுபடி கோயம்புத்தூர் போனேன். இந்த முறை வாட்ஸ்அப்பை மூடியிருந்தேன். அந்த அம்மாள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டே டெமோ பார்த்தார், சாஃப்ட்வேர் வாங்கினார். இன்றும் அங்கே போன் செய்தால் கணக்கர், "பூனைத் தம்பி லைன்ல இருக்காருங்க" என்றுதான் உள்ளே சொல்கிறார்.

எங்கள் வீட்டில் நான் எதை மூடினாலும் உடனே ஒரு குரல் வரும். பிரிட்ஜ், அண்டா, அப்பாவின் லோடு ஆட்டோ கதவு, எதுவானாலும் சரி. "உள்ள பூனை இருக்குதா பாத்துக்கோப்பா." சித்தப்பா சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், ஆட்டோ ஸ்டாண்டே சொல்லும்.

வேலை நிரந்தரமான ஆர்டரைக் கொண்டுவந்த அன்று, அம்மா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பீரோவில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். பீரோ சாவியைத் திருகினேன்.

"உள்ள பூனை இருக்குதா பாத்தியா?" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல்.

"போதும்பா" என்றேன். "எத்தனை நாளைக்குத்தான் இதையே சொல்லிக்கினு இருப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே, அவர் வாயை அடைப்பதற்காகவே பீரோவைத் திறந்து காட்டினேன்.

ஜரிகை என் ஆர்டர் மேல் படுத்திருந்தது.