மரியநாயகத்தாரின் சோடி றேடியோ

புதிதாக எதையும் வாங்கமாட்டார். வாங்குவதை நிறுத்தவும் மாட்டார். அந்த மனிதரை உங்களுக்கும் தெரியும். பழம்பொருள் சேகரிப்பாளர் என்பது அவர் தமக்குத் தாமே வைத்த பெயர். வீட்டார் வைத்த பெயரை அச்சிட முடியாது.

ஊர்காவற்றுறையில் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி மரியநாயகத்தார். சுவர் நிறைய மணிக்கூடுகள். நேரம் அறிய மதிலால் எட்டி அடுத்த வீட்டில் கேட்பார். அலுமாரி நிறைய லைற்றர்கள். அடுப்பு மூட்ட மனைவி அல்போன்சம்மா நெருப்புப்பெட்டி இரவல் வாங்குவார். திருத்துவித்தால் என்ன என்று யாராவது கேட்டால் அவர் முகம் வாடிவிடும்.

"திருத்தினால் அது வெறும் மணிக்கூடு, தம்பி."

வீட்டுக் கதிரைகளிலெல்லாம் றேடியோக்கள் வீற்றிருந்தன. மனிதர்கள் பாயில். மகள் ஜெனீற்றாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாகச் சொல்லியனுப்பும்வரை இது யாருக்கும் குறையாகப் படவில்லை.

"வாற ஆக்கள் எங்கையப்பா இருக்கிறது?" என்றார் அல்போன்சம்மா.

"உதுகளைப் பாக்கிற சந்தோசத்திலை நிப்பினம்."

அல்போன்சம்மா விறாந்தையில் இருந்த ஒரேயொரு நல்ல கதிரையிலிருந்து பெரிய மரப்பெட்டி றேடியோவை இறக்கி, ஓட்டோவில் ஏற்றி, கோவில் பெருநாளுக்கு நேர்த்திக்கடனாகக் கொடுத்துவிட்டார். நேர்ந்த சேவலையும் பூசணிக்காயையும் பெருநாள் முடிவில் ஏலம் கூறுவார்கள். றேடியோவும் அவற்றோடு போய்விடும். காணவில்லை என்று கணவர் தேடுவாரோ? தேடமாட்டார். இந்த இனம் வாங்கப்போகும் பொருளைத்தான் பார்க்கும்; வாங்கிய பொருளைப் பார்ப்பதில்லை.

கணக்குச் சரி. அந்தச் சரியே வினையாயிற்று.

ஏலம் கூறிய அன்ரனிதாஸ் றேடியோவைத் தூக்கியதும் மரியநாயகத்தார் எழுந்துவிட்டார். "என்னட்டை இருக்கிறதின்ரை சோடி. ஆனால் இது அதிலும் திறம்."

அல்போன்சம்மா என்ன செய்வார்? கணவர் கேட்ட விலையிலும் கூடக் கேட்டார். மனைவிக்கும் ஒருவழியாக ரசனை வந்துவிட்டதென்று பூரித்த மரியநாயகத்தார் அதற்கும் மேலே கேட்டார். சனம் சேவலை மறந்து வட்டம் கட்டியது.

"அக்கா, ஒரே வீட்டுக்குத்தானே போகுது. பிறகேன் ஆளையாள் ஏத்துறியள்?" என்றார் அன்ரனிதாஸ். மணிக்கோபுரத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்த சுவாமியார் மட்டும் குறுக்கிடாமல் கண்ணை மூடிச் செபித்தார்.

வென்ற மரியநாயகத்தார் வீட்டுக்கு வந்தார். கதிரை வெறுமையாகக் கிடந்தது.

"பாத்தீரே, கள்ளன் வந்திட்டுப் போட்டான். நல்லகாலம், நான் சோடியை எடுத்தனான்" என்று சொல்லி, அதே கதிரையில் அதே றேடியோவை வைத்தார்.

மறுநாள் மாப்பிள்ளையின் தகப்பன் நின்றபடியே அதை நெடுநேரம் பார்த்தார்.

"பாடுமோ?"

"பாடாது."

"அப்ப நல்ல சாமான். எங்கடை வீட்டிலையும் இருக்க ஒரு கதிரை கிடையாது" என்றார் பெருமையோடு.

சம்பந்தம் அங்கேயே நிச்சயமாயிற்று. அல்போன்சம்மா குசினிக்குள் போய், மகளுக்குச் சீதனமாக ஒரு பாயை எடுத்து வைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரித்து முடிந்ததும் உங்கள் மேசை லாச்சியை இழுத்துப் பாருங்கள். உயிர்விட்ட கைத்தொலைபேசிகள், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத திறப்புகள், நின்றுபோன கைமணிக்கூடு. ஒன்றை எறியக் கையில் எடுங்கள். 'கிடக்கட்டும்' என்று ஒரு குரல் கேட்கும்.

அது மரியநாயகத்தாரின் குரல் அல்ல.