முகத்துவாரத்துக் கறுப்புப் புள்ளி

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே யாவும் சுகம். அங்கே நீங்களும் மகளும் நன்றாக இருப்பதாக எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

எந்தக் கடற்கரையில் எந்த ஈ இருக்கிறது என்று உங்கள் அலுவலகம் போடுகிற வரைபடத்தில், எங்கள் முகத்துவாரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது. உங்கள் மாமியார் கண்டுபிடித்த பாசி ஈ அது. பத்து வருஷமாக வேறு யார் கண்ணிலும் படாததால், இந்த மாதக் கடைசியில் அதைப் பழைய பதிவு என்று வெறும் வட்டமாக்கிவிடுவீர்களாம். விதி என்கிறீர்கள். போன வருஷம் அவள் போனாள், இப்போது புள்ளியும் போக வேண்டுமா என்று கேட்டால் போனில் மகள் அழுகிறாள், நீங்கள் இருமுகிறீர்கள்.

ஆகவே நானே இறங்கிவிட்டேன். ஈயைக் கண்டாலே விரட்டுகிறவன், இருபது நாளாக விடிந்ததும் வலையும் குப்பியுமாக அழுகின பாசிக்கு முன்னால் குந்தியிருக்கிறேன், முந்தாநாள் வழுக்கி அதிலேயே உட்கார்ந்துவிட்டேன், திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை, பாசி அள்ளுகிற டிராக்டர்காரர் வேறு, "ஈ வரக் கூடாதுன்னுதான் சார் அள்ளுறோம், நீங்க அதைத் தேடி வர்றீங்களே"ங்கிறார், "ஒரே ஒரு குவியலை விட்டு வையுங்க, எங்க வீட்டம்மா சமாச்சாரம்"னு கெஞ்சினேன், என்ன புரிஞ்சுதோ, ஒரு குவியலை விட்டுட்டுப் போயிட்டார்.

முதுகில் முள் மாதிரி நாலு முடி இருந்தால் நம்ம ஈ. நாற்பத்தோரு ஈயைப் பிடிச்சு அவளோட லென்ஸில் பாத்தாச்சு, எல்லாத்துக்கும் மூணுதான். அந்த ஈயைப் பிடிச்ச அன்னைக்கு அவள் கூப்பிட்டு, "நீங்களும் எண்ணிப் பாருங்க"ன்னப்போ நாலுன்னு சொன்னதே நான்தான். அவள் வேலையில் நான் தலையிட்ட ஒரே நாள். அந்த இடத்தில் அவள் இல்லைன்னு ஆகிறதை என்னால தாங்க முடியலை. ஒரு மாதம் தவணை கொடுங்கள், மாப்பிள்ளை.

மகளுக்கு என் ஆசி. இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: கடித உறை தேடி அவள் லென்ஸ் பெட்டியைக் கவிழ்த்தேன். அடியில், உங்கள் அலுவலகத்துக்கு அவள் எழுதி அனுப்பாத கடிதம். "நாலாவதாகத் தெரிந்தது முடி அல்ல. என் கணவர் குனிந்து பார்த்தபோது அவர் துண்டிலிருந்து விழுந்த நூல். பதிவை நீக்கவும்." கீழே பென்சிலில்: "எண்ணினது நான்தான்னு வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்கார். அப்புறம் அனுப்பலாம்."

மேலே கேட்டதை மறந்துவிடுங்கள். புள்ளியும் வேண்டாம், வட்டமும் வேண்டாம், எடுத்துவிடுங்கள். அவள் எனக்காக மறைத்தது அது ஒன்றுதான், அந்தக் கடிதம் என்னிடமே இருக்கட்டும்.