எல்லைக் கழி நடந்துபோன வழக்கு

பழவேற்காடு,
விபவ வருஷம் ஐப்பசி மாதம் பத்தாம் தேதி.

அக்கரைச் சுண்ணாம்புக்குளம் மச்சான் நாகப்பன் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கை அம்மணியைக் கட்டிக்கொண்ட துளசிங்கம் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இவ்விடம் எங்கள் க்ஷேமத்தை ஒல்லாந்துக் கோட்டைத் துரையும் அக்கரைச் சர்க்காரின் அமல்தாரும் ஒன்றுகூடிக் கவனித்து வருகிறபடியால், நாங்கள் எப்படி இருப்போம் என்பதைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும். ஓலையில் முத்திரை வைக்க மறக்க வேண்டாம். இப்போதெல்லாம் முத்திரை இல்லாத க்ஷேமம் ஏரியைத் தாண்டக் கூடாதாம்.

மச்சான், என் தோணியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். வருகிற அமாவாசையன்று முகத்துவாரப் பாடு எனக்கு, அந்த இடத்தில் வலை போட என் முறை. சீட்டுக் குலுக்கி வருஷத்துக்கு ஒருதரம் விழுகிற முறை, வெள்ளை இறால் ஓடுகிற நாள். மழைக்காலம் முழுக்க அம்மணியும் பிள்ளைகளும் சாப்பிடுவது அந்த ஒரு நாளை நம்பித்தான். தோணி இல்லாதவன் முறை அடுத்த சீட்டுக்காரனுக்குப் போய்விடும் என்பது நம் ஊர்க்கட்டு, தாங்கள் அறியாததல்ல. அடுத்த சீட்டு சின்னதம்பியுடையது. அவன் கொஞ்ச நாளாக என்னை எங்கே பார்த்தாலும் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று மிகுந்த அன்போடு விசாரிக்கிறான்.

நடந்தது என்னவென்றால், ஆவணி மாதத்தில் இரண்டு சர்க்காருக்கும் ஒரே சமயத்தில் ஞானம் பிறந்தது. இக்கரையில் குற்றம் செய்தவன் அக்கரைக்கும், அக்கரையில் செய்தவன் இக்கரைக்கும் ஓடிப் பிழைக்கிறானே, இனி ஓடியவனைப் பிடித்து ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைப்போம் என்று உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதை ஒல்லாந்து மொழியில் எழுதி, பறங்கி மொழியில் பெயர்த்து, கடைசியில் துபாசி ஆபிரகாம் தமிழில் எங்களுக்குப் படித்துக் காட்டினார். மூன்று மொழியிலும் புரியவில்லை. ஒப்படைக்க எல்லை வேண்டுமே என்று ஏரி நடுவில் பன்னிரண்டு மூங்கில் கழி நட்டார்கள். நாம் வலை போடும் பாட்டைக் காட்ட நடுகிற அதே கழி, அதே உயரம், நட்டதும் நம் ஆட்கள்தான். துரை தொப்பியைக் கழற்றினார், நாங்கள் கும்பிட்டோம். எதைக் கும்பிடுகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் காலை நடுவேரிப் பாட்டில் என் வேலை முடிந்தது. தோணியை நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுச் சின்னதம்பி தோணியில் ஏறிக் கரைக்குக் கஞ்சி குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் என் தோணியில் அமல்தாரின் ஆள் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான்.

“அனுமதி ஓலை இல்லாம எல்லை தாண்டினு வந்துகீறே” என்றான்.

“இன்னாய்யா பேசறே, தோணி வுட்ட எடத்துலயே கீதே!”

“தோணி கீது. கழி எங்க கீதுன்னு பாரு.”

பார்த்தேன். எல்லைக் கழி எனக்கு முதுகுப்பக்கம், கூப்பிடு தூரத்தில் நிற்கிறது. என் தோணி எல்லையைத் தாண்டவில்லை மச்சான், எல்லைதான் என் தோணியைத் தாண்டிப் போயிருக்கிறது.

கோட்டைக்கு ஓடினேன். தோணிக்காரன் எங்கள் குடி, ஆகவே தோணி எங்களைச் சேர்ந்தது என்று துரை எழுதினார். தண்ணீர் எங்களுடையது, ஆகவே அதில் மிதப்பதும் எங்களுடையது என்று அமல்தார் பதில் எழுதினார். சண்டை என்று நினைத்துவிடாதீர்கள், இதற்குப் பெயர் ஒத்துழைப்பாம். முறைப்படி கேட்டால் விடுகிறேன் என்கிறார் அவர். விடுவதாக முதலில் எழுதினால் முறைப்படி கேட்கிறேன் என்கிறார் இவர். நடுவில் என் தோணி அக்கரையில் வெயிலில் கிடந்து பலகை விட்டுப் போகிறது.

பிறகு கூட்டு விசாரணை வைத்தார்கள். ஒருவர் மண்ணில் மற்றவர் கால் வைத்தால் மானம் போய்விடும் என்பதால் ஏரி நடுவிலேயே, ஆளுக்கொரு தோணியில். வணக்கமும் வாழ்த்தும் சொல்லி முடிப்பதற்குள் வற்றம் வந்து ஏரித் தண்ணீர் இறங்கி, இரண்டு சர்க்காரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டன. நியாயத்தை நாங்கள் ஆறு பேர் தோளில் தூக்கித் தண்ணீருக்குக் கொண்டுபோனோம். அமல்தார் நல்ல கனம். அப்படித் தோளில் இருந்தபடியேதான் துரை கேட்க, ஆபிரகாம் எங்களைப் பார்த்து, “கழியை எவன்யா புடுங்கனது? துரை கேக்கறாரு” என்றார்.

“தெரியாது சாமி. ஆனா அவன வுடக்கூடாது” என்றேன்.

அதுபோதும் என்று ஒரு ஓலை எழுதினார்கள். கழியைப் பிடுங்கியவன் எந்தக் கரையில் இருந்தாலும் பிடித்து, கப்பலேற்றி, ஒல்லாந்தர் சிறை இருக்கிற பத்தாவியாவுக்கு அனுப்ப வேண்டியது என்று. ஊரார் சார்பில் முதல் கையெழுத்து என்னுடையது. எந்தப் பாவியோ, ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் போட்டவன், அவனுக்கு அது குறைச்சல்தான்.

ஆகையால் அமாவாசைக்குள் தங்கள் தோணியை எனக்குக் கொடுத்து உதவ வேண்டும். இரண்டு பக்கத்து அனுமதியும் வாங்கினால் தை மாதம் வந்து சேரும், எனவே அனுமதி வாங்காமல் கொண்டுவரவும். வீட்டில் பெரியவர்களுக்குக் கும்பிடும் பிள்ளைகளுக்கு ஆசீர்வாதமும் சொல்லவும். நம் எல்லாரையும் எல்லையம்மன் காக்கட்டும், எது எல்லை என்பதையும் அவளே சொல்லட்டும்.

இப்படிக்கு,
துளசிங்கம்.
ஓலை எழுதியது சீனிவாசன்.

பின்குறிப்பு: சீனிவாசன் போய்விட்டான், இது என் கையால் கீறுவது, கோணலைப் பொறுக்கவும். சற்று முன் சின்னதம்பி வந்தான். “அண்ணே, அன்னிக்கு உன் முறை முடிஞ்சி என் முறை வந்துச்சு. வழக்கப்படி கழியப் புடுங்கி எம்பாட்டுல நட்டுக் குடுத்துட்டுத்தானே எங்கூடக் கரைக்கு வந்த? உன் பாட்டுக் கழி மொத வாரமே ஒடிஞ்சிபோச்சே. அப்ப நீ நட்டது எந்தக் கழி?” என்றான். முறை முடிந்தவன் கழியைப் பிடுங்கி அடுத்தவனுக்கு நட்டுக் கொடுப்பது நம் மரியாதை. முப்பது வருஷமாகக் கை தானாகச் செய்கிறது மச்சான், பக்கத்தில் நின்ற எல்லைக் கழி அது என்று நான் பார்க்கவே இல்லை. பயமாக இருக்கிறது. இக்கரையில் ஒளிந்தால் இவர் பிடிப்பார், அக்கரைக்கு வந்தால் அவர் பிடித்து இவரிடம் கொடுப்பார், உடன்படிக்கை அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறார்கள். சின்னதம்பி வாயைத் திறக்காமல் இருக்க அமாவாசை முறையை அவனுக்கே கொடுத்துவிட்டேன். தோணி வேண்டாம், மழைக்கு இரண்டு மூட்டை நெல் இருந்தால் போதும், இந்த ஓலையை எரித்துவிடவும். அம்மணிக்குச் சொல்லவில்லை. அவள் தினமும் விளக்கேற்றியதும், கழியைப் பிடுங்கியவன் கை அழுகிப் போகட்டும் என்று வேண்டிக்கொள்கிறாள்; நானும் கூட நின்று ஆமாம் சொல்வது வழக்கம். இன்று ஆமாம் சொல்லும்போது கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.