ஆஃப் ஒயிட்

"நீ கேக்கற கிளிப்பச்சையை அடிச்சா, வர்றவா இதை ஹால்னு நினைக்க மாட்டா. கிளி ஜோசியக்காரன் ஆத்துக்கு வந்துட்டோம்னு நினைச்சுக் கையை நீட்டுவா."

என் கணவர் ஸ்ரீநிவாசராகவன் இதைச் சொன்னது மூன்று நாளில் ஒன்பதாவது தடவை. அவருக்கு வேண்டியது ஆஃப் ஒயிட், லேசாக மங்கின வெள்ளை. ஆபீசில் டைரக்டர் அறைக்கு அதுதானாம், அதில் ஒரு கௌரவமாம். டைரக்டர் இங்கே குடிவரப் போவதில்லை, நாளெல்லாம் இந்த ஹாலில் கிடப்பவள் நான் என்றேன். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருந்தது. போன தையில் பக்கத்து மனைக்காரர் அதை வெட்டிவிட்டு இரண்டு மாடி எழுப்பினார். இப்போது ஜன்னலைத் திறந்தால் அவர் வீட்டுக் கழிவுநீர்க் குழாய்தான் தரிசனம். கண்ணுக்குக் கொஞ்சம் பச்சை கேட்டது குற்றமா? இப்படியே போனால் மேற்குத் தாம்பரத்தில் பச்சை என்று மிஞ்சுவது ரயில் சிக்னல் ஒன்றுதான்.

அவர் காதில் விழவில்லை. பெயிண்டர் தனசிங்கிடம், "ஹாலுக்கு ஆஃப் ஒயிட், புரிஞ்சுதா?" என்று வாசலிலேயே உத்தரவு போட்டுவிட்டு எட்டேகால் ரயிலுக்கு ஓடினார்.

தனசிங் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தார்.

"அக்கா, சார் ஆஃப் ஒயிட்டுன்னு சொல்லிக்கினு பூட்டாரு. மேல் ஆஃபா, கீழ் ஆஃபா? மீதிக்கு இன்னா கலரு?"

ஹாஃப் வேறு, ஆஃப் வேறு என்று கான்வென்டில் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்த சிஸ்டருக்கு மனசார நன்றி சொன்னேன். வித்தியாசம் தெரிந்தவளுக்குத்தானே எப்போது வாயை மூடவேண்டும் என்பதும் தெரியும்?

"மேல வெள்ளை, கீழ கிளிப்பச்சை. ஜன்னல் பக்கம் கொஞ்சம் தாராளமாவே ஏத்தி அடிங்கோ."

சாயங்காலம் வந்தவர் செருப்பைக் கழற்ற மறந்து நின்றார். பிறகு தனசிங்குக்கு இங்கிலீஷ் பாடம் நடத்தினார். தனசிங் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஆஃப் டிக்கெட்டு, ஆஃப் பாயிலு, ஆஃப் ஒயிட்டு. எல்லாம் ஒரே ஆஃப்தானே சார்? அளந்துதான் அடிச்சேன்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இன்னொரு மனுஷராயிருந்தால் மறுநாளே முழுக்க வெள்ளையடிக்கச் சொல்லியிருப்பார். இவர் காபியைக் குடித்தார். தெருவைப் பார்த்துக் கிடந்த ஈஸிசேரை இழுத்துச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டு, சாய்ந்துகொண்டார். இந்த ஒன்றுக்காகவே இவருடைய டைரக்டர் புராணத்தை இன்னும் இருபது வருஷம் கேட்கலாம்.

ஈரம் காயாத அந்தப் பச்சையின் எதிரே நான் நின்றுகொண்டே இருந்தேன். முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"லோகா, செத்த தள்ளி நில்லேன். பச்சை மறைக்கறது."