கணக்குத் தாளில் நாலே கால் நன்றி

காலை பத்து மணி பத்து நிமிடத்துக்கு, எஸ்.எஸ்.எல்.சி. கணக்குத் தேர்வின் விடைத்தாளில் என் மகள் சுதா நன்றி எழுதத் தொடங்கினாள். அதே நேரத்தில் நான் பள்ளி கேட்டுக்கு வெளியே குல்மொஹர் மரத்தடியில் நின்று, தினமும் நன்றி எழுதும் பழக்கம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தைரியம் தரும் என்று முன்பின் தெரியாத ஓர் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன்.

பழக்கம் என்னிடமிருந்துதான் ஆரம்பித்தது. நான் பிறவிக் கவலைக்காரி. எங்கள் மைசூரில் இரண்டு தூறல் விழுந்தால் அணை உடைந்துவிடும் என்று எழுந்து உட்காருகிறவள். தூக்கம் கெட்டுத் திரிந்தபோது, வங்கியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், தினமும் ஐந்து விஷயத்துக்கு நன்றி எழுதச் சொன்னார். எழுதினேன். தூறல் நின்றதற்கு நன்றி, பால் திரியாததற்கு நன்றி. கொஞ்ச நாளிலேயே குறட்டை வந்துவிட்டது. (என்னுடையதுதான். என் கணவர் சாட்சி.)

அதோடு நிறுத்தியிருக்கலாம். நல்ல மருந்து ஒன்று கிடைத்தால் வீட்டில் எல்லோர் வாயிலும் ஊற்றுகிற ரகம் நான். சுதாவுக்குக் கணக்கு என்றால் கை நடுங்கும். "நடுங்கினா உடனே அஞ்சு நன்றி எழுது, நின்னுடும்" என்று பழக்கினேன். நிஜமாகவே நின்றது. ரயில்வேயில் இருந்த என் கணவர் மட்டும், "அஞ்சு நன்றிக்கு பதிலா ரெண்டு தியரம் எழுதச் சொல்லேன், மாலதி" என்றார். சும்னே இருங்கள் என்று கன்னடம் கலந்து அடக்கிவிட்டேன்.

தேர்வு நாளில் நான் சொல்லாத எச்சரிக்கை இல்லை. தாளில் பேர் எழுதாதே, பிள்ளையார் சுழிகூடப் போடாதே, அடையாளக் குறி என்று பிடித்துவிடுவார்கள் என்று வழியெல்லாம் ஓதினேன். நன்றியைப் பற்றி மட்டும் ஓதத் தோன்றவில்லை.

சற்று நேரத்தில் காக்கிச் சட்டை அட்டெண்டர் ஒருவர் கேட்டுக்கு வந்தார். "சுதா தாயி யாரு?"

தேர்வு மைய அதிகாரியின் மேஜையில் சுதாவின் தாள் கிடந்தது. அவள் கன்னடத்தில் எழுதியிருந்ததை அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். என் அம்மாவுக்கு நன்றி. தலைக்கு மேல் சுற்றும் ஃபேனுக்கு நன்றி. முறைக்காமல் நிற்கும் சாருக்கு நன்றி. இந்தத் தாளைத் திருத்தப்போகும் முகம் தெரியாத நல்ல உள்ளத்துக்கு நன்றி.

"அஞ்சாவது ஆரம்பிக்கறப்ப பிடிச்சுட்டோம்மா" என்றார் கன்னடத்தில். "திருத்தறவருக்கே விண்ணப்பம் போட்டிருக்கா. இது மால்பிராக்டிஸ். வேறே தாள் கொடுத்து எழுத விட்டிருக்கேன். பறக்கும் படை ஸ்குவாட் வந்து, பரீட்சையே எழுதக்கூடாதுன்னு டிபார் பண்ணிட்டா வருஷமே போச்சு."

"அழுதுட்டேதானுங்க எழுதுது பாப்பா" என்று அட்டெண்டர் என்னிடம் தமிழில் சொன்னார்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். "பழக்க தோஷம் சார், நானும் தினம் எழுதறேன், பாருங்க" என்று கைப்பையிலிருந்து என் நோட்டை எடுத்து நீட்டினேன். தமிழ் எழுத்தைப் பார்த்து அவர் விழித்தார்.

"நானு தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் ராமாபுரத்துக்காரனுங்க, தமிழ் படிச்சுப்போடுவனுங்க" என்று அட்டெண்டர் நோட்டை வாங்கிக்கொண்டார். அன்று காலை எழுதிய பக்கத்தைப் பிரித்து, ஒரு சொல்லும் விடாமல், கணீரென்று கன்னடத்தில் சொன்னார்: "இட்லி மெத்தென்று வந்ததற்கு நன்றி. சுதாவுக்கு இந்தப் பள்ளியில் சென்டர் விழுந்ததற்கு நன்றி, இங்கே கெடுபிடி குறைவாம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"மிச்சத்தையும் படிக்கட்டுங்களா?" என்று அட்டெண்டர் என்னிடம் மரியாதையாகக் கேட்டார்.

என்னை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பத்து வருடம் படித்த குழந்தையின் படிப்பை ஒரு காலையில் நானே கெடுத்துவிட்டேன். என் கணவர் கேட்டால் என்ன சொல்வேன்? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? பழக்கம் விடவில்லை, நன்றி சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று மனதுக்குள் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

வீட்டுக்கு யார் வந்தாலும் சுதா இந்தக் கதையை இன்றும் நடித்துக் காட்டுகிறாள். அட்டெண்டர் குரல்கூட அவளுக்கு அப்படியே வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் காபி கலக்க உள்ளே போய்விடுகிறேன்.

அன்று பன்னிரண்டு மணிக்கு ஸ்குவாட் ஜீப் வந்தது. இறங்கியவர் பருத்திச் சேலை கட்டிய ஒரு பெண் அதிகாரி. சுதாவின் தாளைப் படித்தார். என் நோட்டையும் அட்டெண்டர் வாயால் கேட்டார். நான் பழக்கத்தின் பலன்களைச் சொல்ல வாயெடுத்தேன். கையமர்த்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அந்த நாலே கால் நன்றியின்மேல் குறுக்காக ஒரு கோடு கிழித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மைய அதிகாரியிடம் சொன்னார்:

"குழந்தை எழுதட்டும். பரீட்சையெல்லாம் முடியற வரைக்கும் இந்த அம்மாவை டிபார் பண்ணுங்க."