பன்னிரண்டு மூட்டையும் இரண்டு கப்பியும்

"மூட்டை தூக்குற நாலு பேருமா லீவு?" என்று ஹேமநாத் கத்தினான்.

"அவங்க மச்சான் சின்னதுரை பொண்ணுக்கு முள்ளிப்பட்டுல காதுகுத்து சார். நாலு பேருமே தாய்மாமனுங்க" என்றாள் கன்னியம்மாள், தவிட்டைக் கூட்டிக்கொண்டே.

ஆரணி அரிசி மில்லில் மேனேஜராகச் சேர்ந்து ஹேமநாத்துக்கு அன்றோடு மூன்றே நாள். வேப்ப மரத்தடியில் லாரி நின்றது. கொட்டகையில் எழுபத்தைந்து கிலோ மூட்டைகள் பன்னிரண்டு இருந்தன. தூக்கத்தான் ஆளில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி முத்துவேல் போன் செய்தார்.

"தம்பி, தேசூர் கல்யாண வீட்டு லோடு. சேலையும் நம்மூர்லதான் எடுத்தாங்க, அரிசியும் நம்மகிட்டதான். ஒரு மணிக்குள்ள கிளம்பலன்னா நாளைக்குப் பந்தில வெறும் எலைதான். அப்புறம் நீயும் வேலைக்கு வர வேணாம்."

போனை வைத்துவிட்டு ஹேமநாத் மூட்டைகளை இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். ஆனாலும் அவன் பி.எஸ்சி. இயற்பியல்.

"அக்கா, ஆள் எதுக்கு? சரிவா ஒரு பலகை போட்டா, கொழந்தகூட மூட்டைய மேல தள்ளிடும்."

"எந்தக் கொழந்த சார்?"

பலகையை லாரியின் பின்பக்கம் சாய்த்துப் போட்டான். மூட்டை பாதி தூரம் ஏறி அடம்பிடித்து நின்றது. "உராய்வு அதிகம்" என்று பலகையில் தவிட்டெண்ணெயை ஊற்றினான். உராய்வு போய்விட்டது. மூட்டை வழுக்கிக்கொண்டு மேலே போனது. அதே வேகத்தில் கீழேயும் வந்தது. வரும் வழியில் ஹேமநாத்தையும் ஏற்றிக்கொண்டு உமிக் குவியலில் போய்ச் செருகிக்கொண்டது.

"கெளம்புனது லோடா, நீங்களா சார்?" என்று கேட்டபடி கன்னியம்மாள் அவனைக் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள்.

அவன் காதிலிருந்த உமியைத் தட்டினான். "கப்பி வேணும். கிணத்துக் கப்பியக் கழட்டுங்க."

கப்பி வேப்பங்கிளையில் ஏறியது. கயிற்றின் ஒரு முனையை மூட்டையில் கட்டி, மறுமுனையைப் பிடித்து ஹேமநாத் தம் கட்டி இழுத்தான். தரை மெல்ல விலகியது.

"ஏறுது அக்கா, ஏறுது!"

"நீங்கதான் சார் ஏறுறீங்க. மூட்டை அப்படியேதான் கீது."

ஐம்பத்திரண்டு கிலோ ஹேமநாத் இறங்கி வந்து யோசித்தான். "நீங்களும் பிடிங்க. ரெண்டு பேரா இஸ்தா வந்துடும்."

உண்மையிலேயே வந்தது. மூட்டை அந்தரத்தில் ஆடியது. ஹேமநாத்துக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அப்போது கன்னியம்மாளின் போன் அடித்தது. அவள் மரியாதை தெரிந்தவள். இரண்டு கையாலும் போனை எடுத்து, "சொல்லுங்க மொதலாளி" என்றாள்.

மூட்டை கீழே போனது. ஹேமநாத் மேலே போய்க் கிளையைக் கட்டிக்கொண்டான்.

"மேனேஜரா? மேல கீறாரு மொதலாளி... மாடியில்ல, மரத்துமேல. வேலைதான் பாத்துகினு கீறாரு."

மேலே தொங்கியபடி கப்பியை மூக்கருகில் பார்த்ததில்தான் கடைசி வழி அவனுக்குப் புரிந்தது. லாரிமேல் குதித்து இறங்கினான். "இன்னொரு கப்பி! அத மூட்டைல மாட்டி, கயித்து நுனியக் கிளையில கட்டிட்டா பாரம் பாதி ஆயிடும்!"

கன்னியம்மாள் பக்கத்து மில் கிணற்றுக் கப்பியை இரவல் வாங்கி வந்தாள். இப்போது இரண்டு மில்லிலும் குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆனால் மூட்டை, சொன்ன பேச்சைக் கேட்கும் ஆட்டுக்குட்டிபோல எழுந்து வந்தது. ஹேமநாத் கீழிருந்து இழுக்க, கன்னியம்மாள் லாரிமேல் நின்று கொக்கிபோட்டு உள்ளே வாங்கினாள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. பன்னிரண்டாவது மூட்டை லாரியில் உட்கார்ந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பது. ஹேமநாத்தின் உள்ளங்கை தோலுரிந்திருந்தது. சட்டை எண்ணெயில் ஊறி, முதுகெல்லாம் உமி ஒட்டியிருந்தது. ஆனால் முகத்தில் அப்படி ஒரு ஜொலிப்பு.

முதலாளிக்குப் போன் போட்டான். "லோடு ரெடி சார்! ஆளே இல்லாம ஏத்திட்டேன். எல்லாம் சயின்ஸ்!"

"சபாஷ்டா தம்பி!" என்றார் முத்துவேல். ஹேமநாத் நெஞ்சை நிமிர்த்தினான்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். "நான் டிரைவர் சிங்கராயர் சார். வழியில பஞ்சர், லேட்டாயிடுச்சு. லோடு எங்க?"

ஹேமநாத் மன்னனைப்போல மரத்தடியைக் காட்டினான். "ஏத்தியாச்சுங்க. ஜல்தியா வண்டிய எடுங்க."

சிங்கராயர் மரத்தடியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "என் வண்டி ரோட்டுல நிக்குது சார். இப்பதானே வந்தேன்."

"அப்ப... இது?"

கன்னியம்மாள் லாரிமேலிருந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதுல இன்ஜினே கெடையாதே சார், கழட்டி ஆறு மாசமாச்சு, வண்டி வர்ற வரைக்கும் நீங்க இதுல ஏத்திப் பழகிகினு கீறீங்கன்னு இல்ல நான் நெனச்சேன்!"