களிக்கொட்டாரத்தில் ஆளில்லை

"இன்னும் பதினெட்டு செகண்டுதான். பொறுங்க" என்றாள் ஷிஜா.

அடுப்பில் உள்ளித் தீயல் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த போனில், ஒரே படம் போட்ட ஓடுகளைச் சேர்க்கும் விளையாட்டு பாதியில் நின்றுபோய், யாரோ ஒரு பெண் கூந்தலை விரித்துப் போட்டுக்கொண்டு எண்ணெய் விற்றுக்கொண்டிருந்தாள். லிங்கராஜ் ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தான். கட்டிய மனைவியே தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாள் என்று உச்சந்தலை வரை கோபம் ஏறியது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் அவன் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரே வேலைதான். ஒரு செல்போன் கம்பெனியின் 'களிக்கொட்டாரம்' என்ற விளையாட்டுச் சந்தாவை ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முந்நூறு விளையாட்டு, விளம்பரம் கிடையாது, நடுவில் காசும் கேட்காது. தனியாக மாதச் சந்தா கட்டலாம். மூன்று மாத ரீசார்ஜ் போட்டவர்களுக்கு அதற்குள்ளேயே அடக்கம். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு, கொட்டாரம் என்றால் அரண்மனை. லிங்கராஜுக்குச் சொந்த ஊர் வள்ளியூர். அங்கே களி என்றால் ஜெயிலில் தின்பது. பெயரைக் கேட்ட அன்றைக்கே அவனுக்குச் சகுனம் சரியாகப் படவில்லை.

பல பேருடைய போனில் அது சும்மா கிடந்தது. திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. மெசேஜ் அனுப்பினார்கள், லாட்டரி மோசடி என்று அழித்தார்கள். போன் போட்டுச் சொன்னார்கள், "நமக்கு ஒந்நும் வேண்டா" என்று வைத்தார்கள். 'மக்கள் ஏன் கண்டுகொள்வதில்லை' என்று லிங்கராஜ் நாற்பது பக்கத்தில் ஓர் அறிக்கை எழுதினான். அதையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆபீஸ் சுவரில் உபயோகத்தைக் காட்டும் கோடு இறங்கி இறங்கி, இப்போது தரையில் படுத்த படுக்கையாகக் கிடந்தது.

இன்று காலை மேனேஜர் ஹரிகுமார் அவனைக் கூப்பிட்டுத் தன் மலையாளத் தமிழில் சொல்லிவிட்டார்.

"லிங்கராஜே, ஆறு மணிக்கு செல்போன் கம்பெனியோட மும்பை மேடம் வீடியோல வரும். ஒரு குடும்பமாவது இதை உபயோகிக்குதுன்னு காட்டணும். இல்லேன்னா கான்ட்ராக்ட் போயி. அடுத்த மாசம் நீயும் நானும் வேற ஜோலி நோக்கணும்."

"எந்தக் குடும்பத்தைக் காட்ட சார்?"

"உன் குடும்பத்தைத்தான். வீட்டுல எல்லாரும் தினமும் களிக்குதுன்னு நீதானே பறஞ்சது."

சொல்லியிருந்தான். ஒவ்வொரு மீட்டிங்கிலும் சொல்லியிருந்தான். உண்மையில் களிக்கொட்டாரத்தை அவன் திறந்தது இரண்டு வருஷத்துக்கு முன் பயிற்சி வகுப்பில், ஒரே ஒரு தடவை. அல்வாக் கடைக்காரன் அல்வா தின்பதில்லை என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வைத்திருந்தான். ஆபீஸ் கழிவறையில் உட்கார்ந்து அவன் ஆடுவது பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கும் ஓசி விளையாட்டு. அதிலும் இதே எண்ணெய்க்காரிதான் வருவாள்.

அந்த ஆள்தான் இப்போது மனைவியைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"விளம்பரமே இல்லாம முந்நூறு வெளையாட்டு நம்ம போன்ல கெடக்கு. நீ இந்த எண்ணெக்காரி மூஞ்சியப் பாத்துட்டு நிக்க."

"எண்ணெக்காரி வந்தாத்தான் நான் தீயலைக் கிண்டுவேன். அவ வரல்லேன்னா அடிபிடிச்சிரும்."

"கேலி பேசாத."

"கேலி ஒண்ணும் இல்லை. முந்நூறுல எதைன்னு எடுக்க? கடைக்காரன் முந்நூறு சேலைய விரிச்சுப் போட்டா நான் ஒண்ணும் எடுக்காம வீட்டுக்கு வந்திருவேன், கேட்டீளா. பின்ன, ரீசார்ஜோட ஒட்டிக்கிட்டு வர்ற சாதனம். ஜவுளி எடுத்தாப் பை தருவான். பையப் பாக்கதுக்கா கடைக்குப் போறோம்?"

நாற்பது பக்கத்தில் அவன் எழுதியதை நாலு வரியில் சொல்லிவிட்டாள். அது வேறு எரிச்சல்.

"ஆறு மணிக்கு நீ அதுல வெளையாடணும். மும்பை மேடம் பாக்கும். என் வேலையே அதுலதான் இருக்கு."

ஷிஜா முகம் மாறியது. வேலை என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி. பத்து நிமிஷம் நடிக்கேன். ஆனா பொறவு என் வெளையாட்டுக்கு வந்திருவேன். இதுல நான் ஆயிரத்து நூத்தி நாப்பதாவது லெவல்ல நிக்கேன். அங்க போனா ஒண்ணுலேந்து தொடங்கணும்."

'ஆகட்டும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஊரெல்லாம் சேர்ந்து உதாசீனம் செய்த கோபம் முழுவதும் அவன் விரல் நுனிக்கு வந்துவிட்டது. போனைப் பிடுங்கி அந்த ஓடு விளையாட்டை அழித்தான்.

"இனி எதுல வெளையாடுவேன்னு பாக்கேன்."

ஷிஜா அடுப்பை அணைத்தாள். கத்தவில்லை. அது இன்னும் மோசம்.

"அப்பா மெடிக்கல் காலேஜுல நெஞ்சுவலின்னு கெடந்தப்போ, வார்டுக்கு வெளிய தனியா இருந்து ஆடினது அது. இருபத்திரெண்டு நாளு. நீங்க ஆபீஸ் ஆபீஸ்னு போயிட்டீங்க. அந்த லெவலெல்லாம் வெறும் நம்பர்னு நெனச்சீங்களா? ஆறு மணிக்கு உங்க மேடத்துக்கு நீங்களே களிச்சுக் காட்டிக்கோங்க."

படுக்கையறைக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாளும் விழுந்தது.

இந்த இடத்தில் மனிதப் பிறவி எதுவும் மன்னிப்புக் கேட்கும். லிங்கராஜ் மணி பார்த்தான். நாலேமுக்கால். மனைவி இல்லாவிட்டால் மாமனார் என்று கூடத்துக்குப் போனான்.

மாமனார் ஆறுமுகநயினார், நகரத்தின் பழைய கடைத்தெருவான சாலை பஜாரில் நாற்பது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நெஞ்சுவலிக்குப் பிறகு கடையை விட்டுவிட்டு மகள் வீட்டோடு வந்துவிட்டார்.

"மாமா, ஆறு மணிக்குப் போன்ல ஒரு செஸ் ஆடணும்."

"ஆடிட்டாப் போச்சு" என்றார் அவர் தாராளமாக.

லிங்கராஜ் தன் போனில் களிக்கொட்டாரத்தைத் தட்டினான். ஓடிபி கேட்டது. இங்கேதான் சிக்கல். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்த புதிதில் அவனிடம் இருந்தது வள்ளியூர் முகவரி மட்டும். அதனால் மூன்று பேருடைய இணைப்பையும் ஒரே குடும்பத் திட்டமாக மாமனார் பெயரில், அவருடைய சாலை முகவரியில் எடுத்திருந்தார்கள். மூன்றுக்கும் மூல நம்பர் அவருடையது. ஓடிபி போய் விழுவது அவர் சட்டைப் பையிலிருக்கும் பழைய பட்டன் போனில்.

"மாமா, உங்க போன்ல ஆறு நம்பர் வந்திருக்கும். அதைச் சொல்லுங்க."

பெரியவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஓடிபியா?"

"ஆமா."

"சொல்லப்பிடாது."

போன மாதம் குடியிருப்புச் சங்கத்தில் போலீஸ்காரர்கள் வந்து சைபர் மோசடி பற்றி வகுப்பு எடுத்தார்கள். கடைசியில் கேள்வி பதில் போட்டி. ஆறுமுகநயினாருக்கு முதல் பரிசு, ஒரு பிளாஸ்டிக் வாளி. பெற்ற பிள்ளை கேட்டாலும் ஓடிபி சொல்லாதே என்பது பாடம்.

"பெத்த பிள்ளைக்கே இல்லைங்கும்போது மருமகனுக்கு எப்படி?" என்று கேட்டார்.

"மாமா, அவசரம். சீக்கிரம் சொல்லுங்க."

"அவசரப்படுத்துவான்னும் அந்த எஸ்.ஐ. சொன்னாரு."

"சொல்லலைன்னா என் வேலை போயிரும்."

"பயங்காட்டுவான்னும் சொன்னாரு."

"நான் உங்க மருமகன் மாமா."

"சொந்தக்காரன்னு சொல்லிட்டு வருவான்னு முதல்லயே சொன்னாரு."

நாற்பது வருஷம் சாலையில் கடனுக்குச் சரக்குக் கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய வாய் அது. லிங்கராஜ் பொறுமையிழந்து அவர் சட்டைப் பையை நோக்கிக் கை நீட்டினான். நெஞ்சுவலிக்காரர் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஒரே பாய்ச்சலில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டார். உள்ளேயிருந்து குரல் கேட்டது.

"சைபர் போலீஸா? ஓடிபி கேட்டு ஒருத்தன் தொந்தரவு பண்ணுதான் சார். எங்க இருக்கானா? கதவுக்கு வெளிய நிக்கான். பேரு லிங்கராஜ். நம்பர் எழுதிக்கோங்க. எப்படிப் பழக்கமா? என் மகளைக் கெட்டிக் குடுத்த வகையில பழக்கம்."

இரண்டு நிமிஷத்தில் லிங்கராஜின் போன் அடித்தது. தான் மோசடிக்காரன் இல்லை, களிக்கொட்டாரம் என்பது நியாயமான சந்தா, மாமனார் தன் சொந்த மாமனார் என்று அந்தப் போலீஸ்காரருக்கு விளங்கவைக்க அவனுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் போலீஸ்காரர் தன் போனையே எடுத்துப் பார்த்தார் போலிருக்கிறது.

"ஓ, இது என் போன்லயும் உண்டே. வைரஸாக்கும்னு நெனச்சு நான் தொடறதே இல்லை" என்றார்.

லிங்கராஜுக்குப் போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. ஆறு மணிக்கு மேடத்துக்குக் காட்ட இருப்பது அது ஒன்றுதான் என்பதால் அடிக்கவில்லை.

ஐந்தே முக்காலுக்குப் படுக்கையறைக் கதவு திறந்தது. அப்பா குளியலறையில் அடைபட்டுக் கிடக்கும் விவரம் ஷிஜாவுக்குச் சுவர் வழியாகவே தெரிந்துவிட்டது. அவள் கோபம் தணிந்து வரவில்லை. இரண்டு பேர் மீதும் கோபத்தோடு வந்தாள்.

"அப்பா, வெளிய வாங்க. நம்பரை யாருக்கும் சொல்லண்டாம். நீங்களே அடிங்க."

கதவு விரற்கடை அளவு திறந்தது. "நானே அடிச்சா பாதகமில்லை. அப்படித்தான் கிளாஸ்லயும் சொன்னாங்க" என்றார் ஆறுமுகநயினார்.

பிறகு ஷிஜா கணவன் பக்கம் திரும்பினாள். "பத்து நிமிஷம் நான் சிரிச்சிட்டு இருப்பேன். பதிலுக்கு ஆயிரத்து நூத்தி நாப்பது லெவலையும் நீங்க ஆடித் தரணும். ஒரு விளம்பரம் விடாம பாத்து."

"சரி" என்றான் லிங்கராஜ். வேலை போனால் இந்தக் குடியிருப்பின் வாடகைக்கும் மாமனாரின் மாத்திரைக்கும் யார் பதில் சொல்வது. அவமானத்தைத் தீயல் மாதிரி விழுங்கினான்.

ஆறு மணிக்கு மூன்று பேரும் சோபாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். எதிரே லேப்டாப்பில் ஒரு கட்டத்தில் மும்பை மேடம், இன்னொரு கட்டத்தில் ஹரிகுமார். இவர்கள் தினமும் குடும்பத்தோடு களிக்கொட்டாரத்தில்தான் பொழுதுபோக்குகிறார்கள் என்று ஹரிகுமார் ஆங்கிலத்தில் பெருமையோடு அறிமுகம் செய்தார். மேடம் நெஞ்சில் கை வைத்து நெகிழ்ந்துபோனார். ஷிஜா சொன்ன வாக்குப்படி சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க லிங்கராஜுக்குப் பயமாக இருந்தது.

"திறந்து காட்டுங்கள்" என்றார் மேடம்.

ஆறுமுகநயினார் தன் பட்டன் போனையும் மருமகன் போனையும் கேமராவுக்கு மறைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் நம்பரை அடித்தார். முதல் ஓடிபி காலாவதியாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. மூன்றாவது ஏறிவிட்டது. திரையில் தங்க நிறத்தில் ஓர் அரண்மனை வாசல் வந்தது. வாசல் திறக்கவில்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"பூட்டிக் கெடக்கே மருமகனே" என்றார் ஆறுமுகநயினார்.

"நெட்டு மாமா, நெட்டு."

லிங்கராஜ் வைஃபையை விட்டு டேட்டாவுக்கு மாறினான். டேட்டாவை விட்டு வைஃபைக்கு வந்தான். பால்கனிக்கு ஓடினான், நாற்காலி மேல் ஏறினான், வைஃபை மாட்டிய ஆளைத் திட்டினான், மேல்வீட்டுக்காரர்கள் நெட்டைத் திருடுகிறார்கள் என்றான். மாமனாரை மறுபடியும் ஓடிபி அடிக்கவைத்து மனைவியின் போனில் முயன்றான். அதிலும் வட்டம் சுற்றியது. மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹரிகுமார் சிரிப்பு மாறாமல் பல்லிடுக்கில் பேசினார். "லிங்கராஜே, கஸ்டமர் கேருக்கு விளி. ஸ்பீக்கர்ல போடு. நம்ம சர்வீஸ் எத்தனை ஃபாஸ்டுன்னு மேடமும் காணட்டே."

தமிழுக்கு மூன்று, புகாருக்கு ஐந்து, ஆளோடு பேச ஒன்பது. நாலு நிமிஷம் புல்லாங்குழல். கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது.

"வணக்கம் சார், நான் ரெம்யா. என்ன உதவி வேணும்?"

அவ்வளவுதான். காலையிலிருந்து, இல்லை, இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தது மொத்தமும் லிங்கராஜின் வாயிலிருந்து கொட்டியது.

"என்ன உதவியா? ஊர்ல ஒருத்தனுக்கும் ஒரு நல்ல பொருள் மேல மதிப்பில்லை. கண்ணு முன்னால இருக்கதைப் பாக்க ஒருத்தனுக்கும் நேரமில்லை. எண்ணெ விளம்பரத்தைப் பாத்துட்டுக் கெடக்கான். அவனுக மத்தியில ஒரு குடும்பம் மதிச்சு, களிக்கொட்டாரத்தைத் தெனமும் தொறந்து வெளையாடுது. அந்தக் குடும்பத்துக்குப் போயி இப்படிப் பண்ணினா எப்படி? எங்களுக்கு ஏன் தொறக்கலை?"

"தினமும் விளையாடுறீங்களா சார்?"

"தெனமும்."

"நேத்தும் விளையாடினீங்களா?"

"நேத்து ராத்திரி மூணு மணி நேரம். குடும்பமே சேந்து வெளையாடிச்சு" என்றான் லிங்கராஜ், மேடத்துக்கும் கேட்கும்படி.

அந்தப் பக்கம் தட்டச்சு செய்யும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

"சார், களிக்கொட்டாரத்தை நிறுத்தி நாலு மாசம் ஆயி" என்றாள் ரெம்யா. "அதைக் கேட்டு விளிக்கிற முதல் ஆள் நீங்கதான்."